கற்றாழை குட்டி போட்டிருக்கிறது: பிரிப்பதா, விடுவதா?

மழை விட்ட தை மாதத்தில் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தால் கற்றாழைத் தொட்டி ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். நடுவில் தாய்ச்செடி, சுற்றிலும் சின்னதும் பெரியதுமாக ஏழெட்டுக் கன்றுகள். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் விளிம்பே கிழிந்திருக்கும். என்னிடம் செடி வாங்கிப் போனவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் கேட்பார்கள்: "இதப் பிரிக்கணுமா? பிரிச்சா தாய் செத்துடுமா? இலைய மட்டும் நட்டா வராதா?"

முன்னால் இருப்பது நான்கு வழிகள். அப்படியே விடலாம், தொட்டியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் பிரிக்கலாம், தாயை அசைக்காமல் கன்றை மட்டும் அறுத்தெடுக்கலாம், இலையிலிருந்து புதுச்செடி எடுக்க முயலலாம். நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றில் செடியைக் கொன்றும் இருக்கிறேன். இங்கே சோற்றுக்கற்றாழையை வைத்தே பேசுகிறேன். ஹாவோர்த்தியா, ஸ்னேக் பிளான்ட், ஆனைக்கற்றாழை போன்ற மற்ற சக்குலன்ட் (நீரைச் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுள்ள) செடிகள் எங்கே மாறுபடுகின்றனவோ அங்கே சொல்கிறேன்.

## எதைப் பார்த்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது கன்றின் வேர். கன்றின் அடியில் இருக்கும் மண்ணைப் பழைய டூத் பிரஷால் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். தாயிலிருந்து வரும் தடித்த வெள்ளைத் தண்டு மட்டும் தெரிந்தால் அது இன்னும் பால்குடி. அதற்கென்று நாலைந்து வேர் இறங்கியிருந்தால் பிரித்தாலும் பிழைத்துக்கொள்ளும். வேரைப் பார்க்க மனமில்லை என்றால் உயரத்தைப் பாருங்கள். அரைச் சாண் உயரமும் நான்கைந்து இலையும் இருந்தால் பெரும்பாலும் வேர் இருக்கும். விரல் நீளம்கூட இல்லாத குட்டியைப் பிடுங்காதீர்கள்.

இரண்டாவது, மாதம். தமிழ்நாட்டுச் சமவெளியில் இது வேருக்குச் சமமான விஷயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்றிலேயே ஈரம் இருப்பதால் வெட்டுக்காயம் ஆறாது. அக்னி நட்சத்திரம் வரும் மே மாதத்தில் வேர் அறுந்த செடி வெயிலில் வெந்துவிடும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முடிய நல்ல காலம். தவறினால் ஜூலை, ஆகஸ்ட். ஆடியில் விதைக்கச் சொன்ன கணக்கு இதற்கும் ஓரளவு பொருந்தும். கோவை, பொள்ளாச்சிப் பக்கம் தென்மேற்குச் சாரல் பிடித்தால் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

மூன்றாவது, செடி எதற்காக வீட்டில் இருக்கிறது என்பது. தலைக்குத் தேய்க்கவும் மோரில் அடித்துக் குடிக்கவும் இலைக்குள் இருக்கும் சோறு வேண்டும் என்றால் தாய்ச்செடி கொழுகொழுவென்று இருக்க வேண்டும். அழகுக்கு என்றால் கூட்டமாக இருப்பதே அழகு. ஊருக்குக் கொடுக்கக் கன்று வேண்டும் என்றால் கணக்கே வேறு.

கடைசியாகச் செலவும் இடமும். கன்று இலவசம்தான், ஆறு கன்றுக்கு ஆறு தொட்டியும் ஒரு மூட்டை மண்ணும் இலவசம் இல்லை. வாடகை வீட்டு பால்கனியில் இருப்பவர்களுக்கு முடிவை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் இதுதான்.

ஒரு பயத்தை இங்கேயே கழற்றி வைத்துவிடலாம். வாசலில் திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டிய கற்றாழை மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். அதனால் உள்ளே இருக்கும் நீர் லேசில் போகாது. வேரில்லாத கன்று தாகத்தால் சாவது அபூர்வம். பாவம் காய்கிறதே என்று நாம் ஊற்றும் தண்ணீரில் அழுகித்தான் சாகிறது. கீழே வரும் எந்த வழியை எடுத்தாலும் இதை மறக்க வேண்டாம்.

## வழி 1: அப்படியே விட்டுவிடுவது

சும்மா இருப்பதையும் ஒரு வழியாகச் சேர்த்திருக்கிறேனே என்று நினைக்க வேண்டாம். காட்டிலும் வரப்பிலும் கற்றாழை இப்படித்தான் குத்தாக வளர்கிறது. யாரும் போய்ப் பிரித்து வைப்பதில்லை.

தாய்க்கு என்ன ஆகும்? வாழைத்தோப்பில் தார் போடும் வரை பக்கக் கன்றுகளை அறுத்து எறிந்துகொண்டே இருப்பார்கள், தாயின் சத்தைப் பிடுங்குகிறது என்று. தொட்டிக் கற்றாழையிலும் அதே கதை சின்ன அளவில் நடக்கிறது. ஒரே மண்ணை எட்டு செடிகள் பங்கு போடுவதால் தாயின் இலை ஒல்லியாகும், தொட்டி சீக்கிரம் காயும். ஆனால் இங்கே கெட்டுப்போகத் தார் எதுவும் இல்லை. சோறு வேண்டாதவர்களுக்கு இது நஷ்டமே இல்லை.

உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நெருங்கி நிற்கும் இலைகளின் இடுக்கில் மாவுப்பூச்சி குடியேறினால் கண்ணுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் அந்த இடுக்கிலேயே தண்ணீர் தேங்கி அடி இலைகள் அழுகும். வாடை வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். செடி ஒரு பக்கம் கனத்துத் தொட்டியைக் கவிழ்க்கும். கைப்பிடிச் சுவர் மேல் வைத்திருந்தால் அது கீழே போகிறவர்களுக்கும் ஆபத்து. பெரிய தொட்டிக்கு மாற்றிவிடலாம் என்றால், 12 அங்குலத் தொட்டி ஈரமண்ணோடு 15 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை மாடி ஏற்றப்போவது யார்?

எப்போது இது சரி: கன்றெல்லாம் இன்னும் பொடிசு, ஐப்பசி, கார்த்திகை நடக்கிறது, செடி தொட்டியில் இல்லாமல் தரையில் இருக்கிறது. ஹாவோர்த்தியா வைத்திருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். கோடு போட்ட அந்தக் குட்டிச்செடி கூட்டமாகத் தொட்டியை நிறைத்து நின்றால்தான் பார்க்க லட்சணம். தனித்தனியாகப் பிரித்து வைத்தால் இரண்டு வருடத்துக்கு அநாதை மாதிரி இருக்கும்.

## வழி 2: தொட்டியைக் கவிழ்த்து முழுதாகப் பிரிப்பது

வேலை அதிகம், பலனும் அதிகம். நான்கைந்து நாள் தண்ணீரை நிறுத்தி, மண் பொலபொலவென்று ஆனதும் தொட்டியைப் படுக்கப் போட்டுத் தட்ட வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியை அமுக்கிவிட்டால் கட்டியாக வந்துவிடும். மண்தொட்டியில் வேர் சுவரைப் பிடித்திருக்கும், ஓரமாகக் கத்தியை ஒரு சுற்று ஓட்ட வேண்டும். இலையைப் பிடித்து இழுக்கவே கூடாது, சடக்கென்று முறியும். அடித்தண்டைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

வெளியே எடுத்து மண்ணை உதறினால் பாதிக் கன்றுகள் கையோடு வந்துவிடும். வராதவற்றில் இணைப்புத் தண்டு கண்ணுக்குத் தெரியும். தாயை ஒட்டி வெட்டுங்கள், வேர் கன்றோடு போகட்டும். கத்தியை முதலில் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் பெரிய லாபம் கன்றல்ல, மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கிடைப்பது. வேரில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக இருந்தால் வேர் மாவுப்பூச்சி. செடி ஏன் ஒரு வருடமாக வளரவில்லை என்ற கேள்விக்குப் பலமுறை எனக்கு அங்கேதான் பதில் கிடைத்திருக்கிறது. கறுத்துக் கொழகொழத்த வேரை வெட்டி எறியலாம். அடி இலைகள் போய் மொட்டைத் தண்டோடு சாய்ந்து நிற்கும் தாயைக் கொஞ்சம் ஆழமாக வைத்து நேராக்கலாம். மண்ணையும் மாற்றியாயிற்று.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். தாய்க்கும் வேர் அறுபடும் என்பதால் ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு நிற்கும், இலை நுனி சிவக்கும், பழுப்பேறும். பயப்பட வேண்டாம், தெளிந்துவிடும். ஆனால் இரண்டு மாதமாவது அதிலிருந்து இலை வெட்டாதீர்கள். அப்புறம் அந்த மஞ்சள் பால். கற்றாழைத் தோலுக்கு அடியிலிருந்து வடியும் இதைக் காய்ச்சி எடுப்பதுதான் நாட்டுமருந்துக் கடைக் கரியபோளம். துணியில் பட்டால் கறை, சிலருக்குத் தோலில் அரிப்பு. பழைய சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது இது சரி: மண் மாற்றி இரண்டு மூன்று வருடம் ஆகிவிட்டது, ஊற்றிய தண்ணீர் நிற்காமல் நேரே அடி ஓட்டை வழியாக ஓடுகிறது, தாய் சாய்ந்துவிட்டது, பூச்சி இருக்குமோ என்ற சந்தேகம். இந்த நான்கில் இரண்டு இருந்தால் யோசிக்காமல் கவிழ்த்துவிடலாம், மாதம் சரியாக இருக்கும் பட்சத்தில்.

## வழி 3: தாயை அசைக்காமல் கன்றை மட்டும் எடுப்பது

ஓரத்தில் ஒன்றிரண்டு கன்று மட்டும் பெரிதாகியிருக்கிறது, மற்றபடி செடி நன்றாக இருக்கிறது என்றால் அதற்காக வீட்டைப் புரட்டிப்போட வேண்டாம். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மண்ணைத் தோண்டி, இணைப்பைக் கண்டுபிடித்து, மெல்லிய கத்தியால் அறுத்து, கன்றைச் சுற்றியுள்ள மண்ணோடு பழைய கரண்டியால் நெம்பி எடுத்துவிடலாம். பத்து நிமிட வேலை. தாய்க்குத் தெரியக்கூடத் தெரியாது.

இதிலேயே இன்னொரு பக்குவம் உண்டு. எனக்குப் பிடித்ததும் அதுதான். இணைப்பை அறுத்துவிட்டுக் கன்றை எடுக்காமல் அதே இடத்தில் மூன்று நான்கு வாரம் விட்டுவைப்பது. அறுத்தவுடன் ஒரு வாரம் தண்ணீர் கிடையாது, பிறகு வழக்கத்தைவிடக் குறைவாக. தாய்வீட்டுச் சாப்பாடு நின்றுபோனதும் கன்று தன் வேரை இறக்கியாக வேண்டும். பழகிய மண், பழகிய வெயில் என்பதால் அதிர்ச்சியும் குறைவு. ஒரு மாதம் கழித்தும் இலை சுருங்காமல் நிமிர்ந்து நின்றால் எடுத்து நடலாம். சுருங்கினால் இன்னும் இரண்டு வாரம் விடலாம். வேர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும் கன்றுகளுக்கு இதைவிடப் பத்திரமான வழி எனக்குத் தெரியவில்லை. இதற்குப் பொறுமை மட்டும்தான் விலை.

குறை இல்லாமல் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் அறுக்கிறோம். தாயின் வேரும் சேர்ந்து போகலாம். வெட்டுக்காயம் மண்ணுக்குள்ளேயே இருப்பதால் ஈரமண்ணில் அழுகல் தாய்க்கே ஏறும். நான் இழந்த ஒரு பெரிய கற்றாழை இப்படித்தான் போனது: நவம்பர் மாதம், அறுத்த மறுநாள் மழை. நடுவில் சிக்கியிருக்கும் கன்றுக்கு இந்த வழி ஆகாது, கத்தி போகாது. பழைய மண்ணும் பூச்சியும் அப்படியேதான் இருக்கும்.

எப்போது இது சரி: தொட்டி தூக்க முடியாத கனம், செடி தரையில் இருக்கிறது, ஒரு கன்று மட்டும் யாருக்கோ வேண்டும். ஸ்னேக் பிளான்ட் என்று விற்கும் மருள் வகைக்கும் இது நன்றாகப் பொருந்தும். அதன் கிழங்குத்தண்டு விரல் தடிமன் இருக்கும், கையால் பிரியாது, அறுத்தே ஆக வேண்டும்.

## வழி 4: இலையிலிருந்து புதுச்செடி

கற்றாழைக்கு இது நடக்காது. இலையை வெங்காயத்தில் குத்தி, வாழைப்பழத்தில் செருகி, கண்ணாடி டம்ளரில் வைத்து என்று எத்தனை வீடியோ பார்த்திருந்தாலும் சரி. கற்றாழை இலை ஒரு தண்ணீர்ப் பை. உள்ளே இருக்கும் சோற்றில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் நீர்தான். அதில் முளைவிடக் குருத்து கிடையாது. மண்ணில் குத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் கொழகொழத்துப் போகும். கன்று எடுக்கும்போது முறிந்த இலைகளைத் தலைக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள், அதுதான் உத்தமம்.

நடக்கிற செடிகளும் இருக்கின்றன. ரணகள்ளி இலையைப் புத்தகத்துக்குள் வைத்தாலே ஓரம் முழுக்கக் குட்டி விடும். பள்ளிப் பாடத்தில் பிரையோபில்லம் என்று படித்தது அதுதான். ரோஜாப்பூப் போல இருக்கும் எச்செவெரியாவும் இலையிலிருந்து வரும், ஆனால் சென்னை வெயிலில் அதைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. ஊட்டியிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் செய்து பார்க்கலாம். ஸ்னேக் பிளான்ட் இலையைத் துண்டு போட்டு நட்டாலும் வரும், மண்ணுக்கு மேல் முளை தெரிய மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதில் ஒரு பொறி உண்டு. இலை ஓரத்தில் மஞ்சள் கரை போட்ட வகையை இப்படி நட்டால் வரும் குட்டிக்குக் கரை இருக்காது, வெறும் பச்சையாக வரும். அந்தக் கரைக்காகத்தான் கூடுதல் காசு கொடுத்தீர்கள் என்றால் கன்றைப் பிரிப்பது மட்டுமே வழி.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | விட்டுவிடுவது | கவிழ்த்துப் பிரிப்பது | இடத்திலேயே அறுப்பது | இலை |
|---|---|---|---|---|
| கன்றுக்குச் சொந்த வேர் | தேவையில்லை | இருந்தால் நல்லது | விட்டுவைத்தால் இறங்கும் | பொருந்தாது |
| தாய்க்குப் பாதிப்பு | மெல்ல இளைக்கும் | ஒரு மாதம் வாடும் | மிகக் குறைவு | ஓர் இலை போகும் |
| தவிர்க்க வேண்டிய மாதம் | இல்லை | அக்டோபர்–டிசம்பர், மே | அக்டோபர்–டிசம்பர் (கண்டிப்பாக), மே | மழைக்காலம் |
| வேலை | இல்லை | அரைநாள் | பத்து நிமிடம் | கொஞ்சம் |
| மறைந்திருக்கும் செலவு | பூச்சி, அழுகல், கனம் | தொட்டி, மண், இலை இழப்பு | மண்ணுக்குள் தெரியாத காயம் | காலம், நிறம் மாறுவது |
| கற்றாழைக்கு | சரி | சரி | சரி | ஆகாது |

என் வீட்டில் நடப்பது இது: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தை, மாசியில் எல்லாத் தொட்டியையும் கவிழ்ப்பேன். நடுவில் யாராவது கன்று கேட்டால் மூன்றாவது வழி. மழைக்காலத்தில் யார் கேட்டாலும் பொங்கலுக்கு அப்புறம் வரச் சொல்வேன்.

## பிரித்த கன்றை என்ன செய்வது

வழி எதுவானாலும், பாதிப் பேர் தோற்பது இங்கேதான்.

காயவிடுங்கள். வேரோடு வந்த கன்றுக்கு ஒன்றிரண்டு நாள் போதும். வேரில்லாமல் வந்ததற்கு நான்கு முதல் ஏழு நாள். கடலோர ஊர் என்றால் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நிழலில், செய்தித்தாள் மேல், மின்விசிறிக் காற்று படும்படி வைத்தால் வெட்டிய இடம் பொருக்குத் தட்டிக் கெட்டியாகும். மஞ்சள்தூள் பூசலாமா, பட்டைத்தூள் பூசலாமா என்று கேட்பார்கள். பூசுவது நம் ஆறுதலுக்கு, காயவிடுவதுதான் மருந்து.

மண்ணில் தண்ணீர் தங்கக் கூடாது. ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு கொரகொரப்பான மணல் அல்லது உடைத்த செங்கல், கைப்பிடி மக்கிய உரம். ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் எடுத்தால் கழுவித் தூசியைப் போக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அது தொட்டிக்குள் சிமென்ட் போல இறுகும். தேங்காய் நார்க்கழிவை நிறையக் கலந்து விற்கும் கலவை ரோஜாவுக்குச் சரி, இதற்கு வேண்டாம். தொட்டி 4 அங்குலம் போதும். பெரிதாக வளருமே என்று 10 அங்குலத்தில் நட்டால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரமாகவே கிடக்கும்.

வேருள்ள கன்றுக்கு நட்டு ஐந்து நாள் கழித்து முதல் தண்ணீர். வேரில்லாததற்கு இரண்டு வாரம் கழித்து, அதுவும் ஓரமாகக் கொஞ்சம். முதல் மூன்று வாரம் வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். ஒரு மாதம் கழித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். மண்ணைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தால் வேர் விட்டாயிற்று. வாரா வாரம் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் தொட்டியை எட்டாத உயரத்தில் வைக்கவும். தண்ணீரில் வைத்து வேர்விட வைக்கலாம்தான்; கண்ணாடிக் குடுவையில் பார்க்க அழகாக இருக்கும். அந்த வேர் மண்ணுக்குப் போனதும் திணறும், மறுபடி பழக வேண்டும். நான் செய்வதில்லை.

## இந்தக் கணக்கில் அடங்காதவை

ஆனைக்கற்றாழை பூத்தால் தாய் செத்துவிடும், வாழை போலத்தான். நடுவிலிருந்து கம்பம் போலத் தண்டு எழும்பினால் பக்கக் கன்றுகளை எறியாதீர்கள், மிஞ்சப்போவது அவைதான். சோற்றுக்கற்றாழைக்கு இந்தப் பயம் இல்லை, அது வருடா வருடம் பூக்கும்.

நர்சரியில் சிவப்பும் மஞ்சளுமாகத் தலையில் உருண்டை வைத்து விற்கும் குட்டிக் கள்ளி இரண்டு செடிகளை ஒட்டுக்கட்டியது. மேலே இருக்கும் நிற உருண்டையில் பச்சையமே இல்லை. அது போடும் குட்டியைப் பிரித்து மண்ணில் வைத்தால் பட்டினியில் சாகும். இன்னொரு பச்சைக் கள்ளி மேல் ஒட்டத் தெரிந்தால் மட்டும் தொடுங்கள். சதுரக்கள்ளி, திருகுகள்ளி வகைகளை வெட்டினால் வரும் பால் கண்ணில் படக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, முகத்தைத் தொடாமல் வேலையை முடியுங்கள்.

இனி மிச்சக் கன்றுகள். முதல் வருடம் அக்கம்பக்கத்தில் ஆசையாக வாங்கிக்கொள்வார்கள். மூன்றாம் வருடம் நான் கையில் கவரோடு படியேறினாலே மாடி வீட்டு அக்கா, "கற்றாழைன்னா வேணாம்பா" என்று ஜன்னல் வழியாகவே சொல்லிவிடுகிறார். அதனால் இப்போதெல்லாம் எத்தனை பேருக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் கத்தியை எடுக்கிறேன். யாருக்கும் வேண்டாத ஒன்று மிஞ்சினால் வேரைக் கழுவி, கயிறு கட்டி, வாசலில் தொங்கவிட்டுவிடுகிறேன். போன தையில் கட்டியது அங்கேயே தொங்கிக்கொண்டு பக்கத்தில் இன்னொரு குட்டி விட்டிருக்கிறது.